குளிரவில்லை, சுற்றவில்லை, சுடவில்லை: வீட்டுச் சாதனங்களின் அறிகுறியும் பழுதும் ஆகும் செலவும்

தாம்பரத்தை அடுத்த செலையூரில் ஓர் அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அவருடைய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்கு ஐந்து மாதத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள், ஒவ்வொரு முறையும் 2,800 ரூபாய். ஏற்றியதும் பத்து நாள் நன்றாக ஓடும். பிறகு கீழ்த்தட்டில் வைத்த மாவு ஒரே இரவில் பொங்கி வழிந்துவிடும். நான்காவதாக என்னை அழைத்தார். ஃப்ரீசரின் உட்புறப் பலகையைக் கழற்றினேன். குளிர்ச்சியை உண்டாக்கும் சுருள் குழாயான காயில் கண்ணுக்கே தெரியவில்லை. செங்கல்லை நிறுத்திவைத்ததுபோல் பனி வெள்ளைப் பாளமாக உறைந்திருந்தது. அந்தப் பனியை அவ்வப்போது உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. அதற்கு மின்சாரம் விடுகிற, கட்டைவிரல் நுனி அளவே உள்ள பைமெட்டல் செத்துப்போயிருந்தது. உதிரி பாகமும் கூலியும் சேர்த்து 900 ரூபாய் வாங்கினேன். கேஸ் ஏற்ற வந்தவர்கள் ஃபிரிட்ஜை அணைத்துவைத்து வேலை பார்த்த நேரத்தில் பனி தானாக உருகியிருக்கிறது. பத்து நாள் ஓடியது அதனால்தான்.

"தம்பி, குளிரவில்லை என்று சொன்னேன், கேஸ் போய்விட்டது என்றார்கள்" என்றார் அந்த அம்மா. 'குளிரவில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் 500 ரூபாய்ப் பழுதும் இருக்கிறது, 12,000 ரூபாய்ப் பழுதும் இருக்கிறது. எது என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் காதும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். தாம்பரம் பக்கம் 22 ஆண்டுகளாக இந்த வேலை பார்க்கிறேன். வாசலில் வந்து நிற்கும் மெக்கானிக்கிடம் பழுதை விவரமாகச் சொல்லத் தெரிந்த வீட்டில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இங்கே சொல்லும் தொகைகள் எங்கள் பக்கம் நானும் உடன் தொழில் செய்பவர்களும் இப்போது வாங்குவது. வேறாகச் சொல்லாத இடத்தில் பாகமும் கூலியும் சேர்ந்த கணக்கு. சென்னை நகரத்துக்குள் சற்றுக் கூடும், சிறிய ஊர்களில் குறையும். நிறுவனத்தின் சேவை மையம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். வந்து பார்க்கும் கூலி 250 முதல் 500 ரூபாய் வரை. வேலையை அவரிடமே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வது வழக்கம். கழிப்பாரா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற பழுதெல்லாம் பணத்தோடு போகும், இது உயிரோடு விளையாடும். ஃபிரிட்ஜ் கைப்பிடியோ வாஷிங் மெஷின் உடம்போ லேசாகச் சுர்ரென்றால்கூட ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கீசரில் தண்ணீர் சுர்ரென்றால் குழாயைத் தொடாமல் வெளியே வந்து மெயினை அணையுங்கள்.

பெரும்பாலும் இரண்டு தவறு சேர்ந்திருக்கும். சாதனத்துக்குள் மின்கசிவு ஒன்று, வீட்டில் எர்த் சரியில்லாதது மற்றொன்று. மூன்று துளை பிளக் பாயின்ட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று பொருளில்லை. பழைய வீடுகள் பலவற்றில் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சோதிக்க 300 முதல் 500 ரூபாய். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மெயின் போர்டில் பொருத்த, தரமான பொருளாக, 2,000 முதல் 3,500 ரூபாய். கசிவு ஏற்பட்ட நொடியிலேயே அது மின்சாரத்தை வெட்டிவிடும். இந்தக் கட்டுரையில் சொல்லும் செலவுகளில் தள்ளிப்போடவே கூடாத ஒன்று இதுதான்.

எந்தச் சாதனமானாலும், உயிரே இல்லை

அதே பாயின்ட்டில் ஒரு போன் சார்ஜரையோ டேபிள் ஃபேனையோ செருகிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் பழுது சுவரில் இருக்கிறது, சாதனத்தில் இல்லை. பிளக்கின் கால் கறுத்திருந்தாலோ பாயின்ட் உருகியிருந்தாலோ அதை மாற்ற 200 முதல் 400 ரூபாய். ஸ்டெபிலைசர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் நேராகச் செருகிப் பாருங்கள். ஸ்டெபிலைசர் ரிலே பழுது 300 முதல் 600 ரூபாயில் முடியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் அழைத்து, நான் போய் மெயின் போர்டில் விழுந்திருந்த எம்சிபி ஸ்விட்சை மேலே தூக்கிவிட்டதும் எல்லாம் ஓடத் தொடங்கிய வீடுகள் உண்டு. அங்கே காசு வாங்கவே மனம் வராது, ஆனால் எல்லோரும் வாங்காமல் போக மாட்டார்கள்.

ஒரே நேரத்தில் டிவி, ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி எல்லாம் போய்விட்டதா? மழையோடு காற்றடித்த இரவில் தெருவில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறிவிடும். அப்போது சாதனத்துக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றுப் பலகையான பிசிபி போர்டின் முகப்பில் நீல நிறத்தில் வட்டமாக இருக்கும் வேரிஸ்டர் வெடித்துத் தன்னைக் கொடுத்து மற்றவற்றைக் காக்கும். கூடவே ஃபியூஸ் போகும். பல போர்டுகளில் இந்த இரண்டை மாற்றினாலே போதும், 500 முதல் 1,200 ரூபாய். போர்டையே மாற்ற வேண்டும் என்று 6,000 ரூபாய் கேட்டால், போர்டு பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கலாம்.

ஃபிரிட்ஜ்: மேலே உறைகிறது, கீழே குளிரவில்லை

செலையூர் அம்மா வீட்டுப் பழுது இதுதான். பனி உறையாத வகை ஃபிரிட்ஜில் மட்டும் வருவது. இதில் குளிர்ச்சியெல்லாம் ஃப்ரீசருக்குப் பின்னால் உள்ள ஒரே காயிலில் உண்டாகிறது. ஒரு சிறிய விசிறி அதைக் கீழே தள்ளுகிறது. காயில் மீது பனி மூடிவிட்டால் காற்று நுழைய வழியில்லை. விசிறி நின்றுவிட்டாலும் அதே கதைதான். ஃப்ரீசரில் ஐஸ் இருக்கும், கீழே பால் திரிந்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, செலவே கிடையாது. பொருட்களை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே பழைய துண்டு போட்டுவையுங்கள், தண்ணீர் நிறைய வரும். மறுநாள் ஓடவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் நன்றாகக் குளிர்ந்து மறுபடி கெட்டால் பழுது பனியுருக்கும் அமைப்பில்தான் இருக்கிறது, கேஸில் இல்லை. பைமெட்டல், ஹீட்டர், டைமர் அல்லது சென்சர், இவற்றில் எது போயிருந்தாலும் 900 முதல் 2,500 ரூபாய்க்குள் முடிய வேண்டும். ஒரு நாள் உருக்கியும் ஃப்ரீசருக்குள் விசிறிச் சத்தமே கேட்கவில்லை என்றால் விசிறி மோட்டார், 1,200 முதல் 2,500 ரூபாய். சில மாடல்களில் கதவு திறந்தால் விசிறி நின்றுவிடும். கதவு ஓரத்தில் உள்ள ஸ்விட்சை விரலால் அழுத்திக்கொண்டு கேளுங்கள்.

ஃபிரிட்ஜ்: மேலும் கீழும் குளிரவில்லை, ஆனால் கம்ப்ரஸர் ஓடுகிறது

கம்ப்ரஸர் என்பது ஃபிரிட்ஜின் பின்னால் அடியில் உறுமும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார். இங்கேதான் கேஸ் சந்தேகத்துக்கு இடம் உண்டு. அதற்கு முன் கதவு ரப்பரைப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடி இருக்க வேண்டும். சும்மா நழுவி வந்தால் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தாலே சில சமயம் நிமிரும். மாற்றினால் 800 முதல் 1,800 ரூபாய். பின்புறக் கம்பிவலையில் ஒட்டடையும் தூசியும் அடைந்திருந்தால், அல்லது ஃபிரிட்ஜ் சுவரோடு ஒட்டி நின்றால், வெப்பம் வெளியேற வழியில்லாமலும் குளிர் குறையும். அதற்கு ஆகும் செலவு ஒரு பிரஷ்தான்.

இவையெல்லாம் சரியாக இருந்து, பின்பக்கக் கம்பிவலை சூடே ஏறாமல் இருந்தால் கேஸ் கசிந்திருக்கலாம். கேஸ் தேய்ந்துபோகும் பொருள் இல்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். மூடிய குழாய்க்குள் பல ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் நாமே. உறைந்த பனியைக் கத்தியால் குத்தியிருப்போம்.

கேஸ் வேலைக்கு ஒற்றைக் கதவு 1,800 முதல் 2,800, இரட்டைக் கதவு 2,500 முதல் 4,000 ரூபாய். இந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். விரல் நீளத்தில் செம்பு உருளைபோல் இருக்கும் ஃபில்டரைப் புதிதாக மாற்ற வேண்டும். வேக்குவம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பிறகு தராசில் எடை போட்டு கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது உங்கள் ஃபிரிட்ஜின் பின்புறமோ உட்புறமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. வந்தவர் தராசே கொண்டுவரவில்லை, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார் என்றால் வேலை அரைகுறைதான்.

அதே ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன். சமையல் கேஸைப் போலவே தீப்பிடிக்கும் வாயு. வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பையும் பூஜை விளக்கையும் அணைத்துவிடுங்கள். வாயுவை வெளியேற்றாமல் குழாயில் நெருப்பு வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள், சங்கடமே பட வேண்டாம்.

ஃபிரிட்ஜ்: டிக் என்று சத்தம், சற்று நேரம் கழித்து மறுபடி டிக்

கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல் விழுகிறது. முதலில் வோல்டேஜைப் பாருங்கள். மாலையில் தெருவே மங்கலாக எரிகிற நேரத்தில் மட்டும் இப்படி வந்தால் ஸ்டெபிலைசர்தான் மருந்து. மின்தடைக்குப் பிறகு உடனே ஓடவிட்டாலும் இப்படித் திணறும். ஐந்து நிமிடம் இடைவெளி கொடுங்கள். அப்படியும் டிக் டிக் என்றால் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே, அதைச் சூட்டிலிருந்து காக்கும் ஓவர்லோடு, 500 முதல் 900 ரூபாய். அதை மாற்றியும் கிளம்பாவிட்டால்தான் கம்ப்ரஸர்: ஒற்றைக் கதவுக்கு 5,500 முதல் 8,000, இரட்டைக் கதவுக்கு 7,500 முதல் 12,000. ரிலேயை மாற்றிப் பார்க்காமல் நேராகக் கம்ப்ரஸருக்குப் போகிறவரிடம், "முதலில் ரிலேயைப் போட்டுப் பாருங்கள்" என்று நீங்களே சொல்லலாம்.

தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜில் அந்தப் பழைய ரிலே இருக்காது, அந்த வேலையைப் போர்டு செய்யும். போர்டு 3,500 முதல் 7,000 வரை ஆகும்.

வாங்கும்போது கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலான அட்டைகளில் அது கம்ப்ரஸர் என்ற பாகத்துக்கு மட்டும். கேஸ், ஃபில்டர், கூலி, போக்குவரத்து உங்கள் கணக்கில் வரும். 'இலவச' கம்ப்ரஸருக்கு 3,000 ரூபாய் பில் வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். அதே நேரம், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படிக்காமல் பணத்தையும் எடுக்காதீர்கள்.

கீழே தண்ணீர் தேங்குவது மட்டும்தான் தொல்லை என்றால், பின்சுவரில் அடியில் உள்ள துளை அடைத்திருக்கும். கறிவேப்பிலைக் காம்புதான் எப்போதும் குற்றவாளி. வளையும் பிளாஸ்டிக் குச்சியால் குத்தி வெந்நீர் ஊற்றினால் போதும்.

ஏசி: காற்று வருகிறது, குளிர் இல்லை

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் போன் ஓயாது. அந்த இரண்டு மாதத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறவும் செய்கிறார்கள், ஏனென்றால் புழுக்கத்தில் யாருக்கும் விசாரிக்கப் பொறுமை இருக்காது.

முதலில் முன்மூடியைத் தூக்கி வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்துப் பொருத்துங்கள். ரிமோட் 'கூல்' நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், குழந்தைகள் 'ஃபேன்' நிலைக்கு மாற்றியிருப்பார்கள். பிறகு வெளி யூனிட்டைக் கவனியுங்கள்.

வெளி யூனிட்டில் விசிறியே சுற்றவில்லை, அல்லது விசிறி சுற்றுகிறது, கம்ப்ரஸர் உறுமல் இல்லை என்றால், சாதாரண ஏசியில் கண்டென்சர் போயிருக்க வாய்ப்பு அதிகம், 600 முதல் 1,200 ரூபாய். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைத்தான் எங்கள் கடைகளில் கண்டென்சர் என்று சொல்வோம். ஏசியின் வெளிக் காயிலுக்கும் அதே பெயர்தான். 'கண்டென்சர் மாற்ற வேண்டும்' என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று கைக்குள் அடங்கும் டப்பா, மற்றொன்று பல ஆயிரம் ரூபாய்க் காயில். இன்வெர்ட்டர் ஏசியில் வெளிப் போர்டு போயிருக்கலாம். பழுது பார்த்தால் 2,500 முதல் 5,000, புதிது போட்டால் 7,000 முதல் 15,000.

வெளியே எல்லாம் ஓடுகிறது, உள்ளே காற்று குறைவாக வருகிறது என்றால் உட்காயில் அழுக்கு. தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் சர்வீஸ் 500 முதல் 900 ரூபாய். உள்ளே நல்ல காற்று வருகிறது, ஆனால் குளிரவில்லை, வெளி யூனிட்டோடு சேரும் இரண்டு தாமிரக் குழாய்களில் மெல்லியதில் பனி கட்டியிருக்கிறது என்றால் கேஸ் குறைந்திருக்கலாம்.

ஃபிரிட்ஜுக்குச் சொன்னது ஏசிக்கும் பொருந்தும். "வருடம் ஒரு முறை கேஸ் டாப்-அப் செய்ய வேண்டும்" என்பது பொய். காருக்குப் பெட்ரோல் போடுவதுபோல் ஏசிக்குக் கேஸ் போட வேண்டியதில்லை. குறைந்திருந்தால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவி ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். குமிழி வருவதை உங்கள் கண்ணால் பார்க்கலாம். பல நேரம் குழாய் இணையும் நட்டில்தான் கசியும், முறுக்கிவிட்டால் போதும். ஓட்டை அடைத்து, வேக்குவம் செய்து, முழுக் கேஸும் எடை போட்டு ஏற்ற 3,000 முதல் 5,000 ரூபாய். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரத்திலும் சாக்கடைக் கால்வாய் ஓரத்திலும் காயிலே அரித்துப் பொடித்துளைகள் விழும். அங்கே ஒட்டுப்போடுவது நிலைக்காது, உட்காயில் மாற்ற 6,000 முதல் 12,000 ஆகிறது. ஏசி எட்டு ஆண்டு கடந்திருந்தால் நான் மாற்றச் சொல்வதில்லை. பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தப் பணத்தைப் புதியதில் போடுவதே நல்லது என்பது என் கணக்கு. பழைய ஏசியில் ஆர்-22 கேஸ் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அதைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள்.

உள்ளே யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால் வடிகுழாய் அடைப்பு, 300 முதல் 600 ரூபாய். இதற்குக் கேஸ் ஏற்ற வேண்டும் என்று முதல் வார்த்தையிலேயே ஒருவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

வாஷிங் மெஷின்

தண்ணீர் ஏறவில்லை. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பும் மணலும் அதிகம். இன்லெட் குழாயைக் கழற்றினால் மெஷின் வாயில் விரல் நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். அதைக் குறடால் மெல்ல இழுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துப் போடுங்கள். இந்தச் சல்லடையைச் சுத்தம் செய்யவே 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த வீடு எனக்குத் தெரியும். சுத்தம் செய்தும் ஏறாவிட்டால் வால்வு, 700 முதல் 1,300.

தண்ணீர் வெளியேறவில்லை. முன்கதவு மெஷினில் கீழ் மூலையில் ஒரு சிறிய மூடி இருக்கும். ஒரு தட்டை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகித் திறங்கள். நான் எடுத்தவை: ஒரு ரூபாய் நாணயம், ஹேர்பின், பள்ளிச் சட்டைப் பொத்தான், ஒரு முறை ஒரு மூக்குத்தி. அது நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த மூக்குத்தி. அந்த வீட்டுப் பாட்டி அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடைப்பு இல்லை, பம்ப் உறுமுகிறது, தண்ணீர் போகவில்லை என்றால் பம்ப் மாற்ற 1,000 முதல் 2,000.

சுற்றும்போது விமானம் கிளம்புவதுபோல் சத்தம். மெஷின் ஓடாதபோது டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங். எண்ணெய் சீலோடு சேர்த்து 3,000 முதல் 6,000, முழுதும் கழற்றிப் பூட்ட வேண்டும் என்பதால் கூலியே பெரும்பகுதி. இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் உள்ள மூன்று கை உலோகத் தாங்கியும் அரித்துப்போய்ச் செலவு கூடும். கரகரப்பு இல்லாமல் மெஷின் நடந்துபோகிறது என்றால் தரை மட்டத்தைச் சரிசெய்யுங்கள், காலைத் திருகினால் உயரும். புது மெஷினில், ஏற்றிவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்புறம் போட்ட போக்குவரத்து போல்ட் கழற்றப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்கிறது, பிழியவில்லை என்றால் மூடி ஸ்விட்ச், பிரேக் கம்பி, கண்டென்சர், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். எதுவானாலும் 300 முதல் 800 ரூபாய்.

கீசர்

சுடவே இல்லை, விளக்கும் எரியவில்லை: வெப்பம் மீறினால் வெட்டும் கட்-அவுட் விழுந்திருக்கும் அல்லது சூட்டின் அளவைப் பார்க்கும் தெர்மோஸ்டாட் போயிருக்கும், 500 முதல் 900. விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடில்லாமல் வருகிறது: சூடேற்றும் கம்பியான எலிமென்ட், 900 முதல் 1,600. கழற்றும்போது எலிமென்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய் மாதிரி இருக்கும். கூடவே டேங்குக்குள் தொங்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்குக்கு வர வேண்டிய அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அதன் வேலை. பென்சில் அளவுக்கு மெலிந்துவிட்டால் 400 முதல் 700 ரூபாயில் மாற்றிவிடலாம். அதை யாரும் சொல்வதில்லை. மாற்றாமல் விட்டு டேங்கே கசிந்தால் பழுது கிடையாது, புது கீசர்தான்.

சூடேறும்போது மட்டும் பக்கத்து வால்விலிருந்து சொட்டுவது இயல்பு, அது அழுத்தத்தை வெளியேற்றுகிறது. எரிச்சலில் அதை அடைத்துவிடாதீர்கள். டேங்க் வெடிக்காமல் காப்பது அந்தச் சொட்டுதான்.

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்

மிக்ஸி அரைக்கும்போது நின்றுவிட்டால் அடியில் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். மோட்டார் சுற்றுகிறது, ஜார் சுற்றவில்லை என்றால் இரண்டையும் இணைக்கும் கப்ளர், 80 முதல் 200. தீப்பொறி, கருகல் வாடை என்றால் கார்பன் பிரஷ், 150 முதல் 300. மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரே போனால் 600 முதல் 1,200. ஜாரின் அடியில் கசிந்தால் புஷ், 120 முதல் 250.

கிரைண்டர் ஓடுகிறது, கல் சுற்றவில்லை என்றால் பெல்ட், 250 முதல் 450. உறுமுகிறது, கிளம்பவில்லை, கையால் தள்ளினால் ஓடுகிறது என்றால் கண்டென்சர், 200 முதல் 400. மாவு கறுப்பாக வந்தால் உருளைக் கல்லின் உட்புறம் தேய்ந்திருக்கும் அல்லது கிரீஸ் கசிந்திருக்கும், அந்த மாவைச் சாப்பிட வேண்டாம். அரைக்கும் நேரம் கூடிக்கொண்டே போனால் கல் மழுங்கிவிட்டது, கொத்த வேண்டும். 1955இல் கோயம்புத்தூரில் பி.சபாபதி வடிவமைத்த இந்த இயந்திரத்தில் இன்றும் போகக்கூடிய பாகம் ஐந்தாறுதான். நல்ல கிரைண்டரைத் தூக்கிப்போடும் வீட்டைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர், 100 முதல் 200. கரகரத்தால் பேரிங், 300 முதல் 450. எரிந்துவிட்டால் வைண்டிங் (மோட்டாரில் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது), 450 முதல் 700.

வெள்ளத்தில் நனைந்தது

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு வீடாகப் போனேன். தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஸ்விட்ச் போட்ட வீடுகளில் போர்டும் மோட்டாரும் போய்விட்டன. போடாமல் காத்திருந்த வீடுகளில் பாதிச் செலவில் காப்பாற்ற முடிந்தது. நனைந்த சாதனத்துக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். சேற்றை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லி, மோட்டாரை வைண்டிங் கடையில் சூடேற்றிக் காயவைத்தால், 500 முதல் 1,000 ரூபாயில் பெரும்பாலும் உயிர் வரும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் முழுதும் மூடிய இரும்புக் குடம், அதற்குள் தண்ணீர் போகாது. வெளியே உள்ள ரிலேயும் வயர்களும்தான் மாற வேண்டும். "மூழ்கிவிட்டது, இனி ஆகாது" என்று சொல்லி ஐநூறு ரூபாய்க்கு வாங்கிப்போக வருகிறவர்களிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

பழுது பார்த்த மறுவாரமே அதே பழுது

இதைத் தடுக்கும் வேலை முதல் நாளே தொடங்குகிறது. இணையத்தில் தேடினால் முதலில் வரும் 'அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்' பல நேரம் நிறுவனத்தோடு தொடர்பே இல்லாதது. எண்ணை உத்தரவாத அட்டையிலிருந்தோ சாதனத்தின் ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். பாகத்தைத் தொடும் முன் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் தயங்கவே மாட்டார். போர்டைக் கடைக்கு எடுத்துப்போனால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். ஒரு தாளிலாவது என்ன மாற்றினார், எவ்வளவு வாங்கினார், எத்தனை நாள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். கேஸ் வேலைக்கு மூன்று மாதம், மற்றவற்றுக்கு ஒரு மாதம் பொறுப்பு கேட்பது நியாயம்.

அதே பழுது திரும்பினால் அந்தத் தாளோடு அவரையே அழையுங்கள். வர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனத்தின் மீதான புகார் என்றால் அங்கே பதிவு செய்ததும் பல நேரம் பதில் வந்துவிடுகிறது. அதற்கும் அசையாவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செலையூர் அம்மாவிடம் மூன்று முறை பணம் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால் அந்த 8,400 ரூபாயை நாங்கள் கேட்கக்கூட முடியவில்லை. இப்போது அவர் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு நோட்டு இருக்கிறது, பென்சிலோடு நூலில் கட்டித் தொங்குகிறது. நான் போனால்கூட அதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் தருகிறார்.